வாய், முகம், தாடி, இருட்டு

மணிமொழி வீட்டில் சத்தம் வைத்து டி.வி. பார்த்து வருடக்கணக்கில் ஆகிறது. அவள் கணவன் வளவன் மின்நிலையத்துக்கு நிலக்கரி எடுக்கும் சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர். மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். நைட் ஷிப்ட் வாரத்தில் பகலெல்லாம் தூங்குவான். மற்ற வாரங்களில் எப்போது கண் அயர்வான் என்று அவனுக்கே தெரியாது. பதினெட்டாவது வட்டத்துக் குவார்ட்டர்ஸில் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். ஆகவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்ப்பாள். காது வலித்தால் அதையும் கழற்றிவிட்டு, திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்தே கதையைப் பின்தொடர்வாள்.

திருமணத்துக்கு முன் துறையூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவள் அவள். அந்தக் கை இன்னும் சும்மா இருப்பதில்லை. மகள் இசைப்பிரியா திருச்சி விடுதிக்குப் படிக்கப் போனபின் வீட்டில் மிச்சமான பழைய கணினியையும் இரண்டு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றையும் வைத்துக்கொண்டு புதுத் தொடர்களைச் சேர்க்கத் தொடங்கினாள். இணையத்தில் இலவசமாக வருவதை இறக்கி வைப்பாள். டி.டி.எச். பெட்டியில் பதிவு செய்வாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுப்பதையும் வாங்கிக்கொள்வாள். அந்த வருடம், அதாவது 2018இல், தமிழிலேயே புதுப்புதுத் தொடர்கள் செல்போனுக்கென்று வர ஆரம்பித்திருந்தன. கொரியத் தொடர்கள் ஒரு பக்கம் குவிந்தன. எதுவும் அவளிடம் சிதறிக் கிடக்காது. முதலில் நாடு, அதற்குள் வருடம், அதற்குள் தொடரின் பெயர். பார்த்து முடித்தவை ஓர் அறை, பாதியில் விட்டவை ஓர் அறை என்று அலமாரி மாதிரி அடுக்கியிருந்தாள். அந்த டி.வி.யில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும் என்பதால் பெயர்களை மட்டும் ஆங்கிலத்தில் அடித்து வைத்திருந்தாள். நினைத்த தொடரை நாலு அழுத்தில் எடுத்துவிடுவாள். அதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது. வெளியில் சொல்லிக்கொண்டதில்லை.

ஆடி மாதத்தில் வளவனின் அக்கா விஜயகுமாரி அங்கே வந்து சேர்ந்தாள். நாற்பத்தெட்டு வயது. கணவன் இறந்து பல வருடம். கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றவள். காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, இரண்டு வருடத்தில் அநேகமாகப் போயேவிட்டது. காது மெஷின் வாங்கிப் பார்த்தார்கள். போட்டால் தலைக்குள் சட்டி உருட்டுவது போல இருக்கிறது என்று டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். கடைக்காரர் தன்மையாகவே, "வூட்டுல கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரியாமல் இல்லை.

மகளின் அறையை அண்ணிக்கு ஒதுக்கிக் கொடுத்தாள் மணிமொழி. கணவனின் அக்காவை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். குறை வைக்கவில்லை. வேளைக்குச் சாப்பாடு, மாலையில் காபி. ஆனால் பேச்சு மட்டும் ஓடவில்லை. எதையாவது சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் போய் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். கத்தினால் வளவன் தூக்கத்தில் புரண்டு படுப்பான். அதனால் "சாப்பிடுங்க", "குளிச்சிட்டீங்களா" என்பதற்கு மேல் இருவருக்கும் நடுவில் ஒன்றும் வளரவில்லை. அண்ணியும் தலையாட்டுவாள், அவ்வளவுதான்.

பகலில் பொழுது போகட்டும் என்று டி.வி. ரிமோட்டைக் கொடுத்து, ஹார்ட் டிஸ்க்கில் எப்படிப் போவது என்று காட்டிவிட்டாள். அண்ணிக்குக் கடையில் கம்ப்யூட்டரில் பில் போட்ட பழக்கம் உண்டு. உடனே பிடித்துக்கொண்டாள். மத்தியானம் முழுக்கச் சத்தமில்லாத டி.வி. முன்னால் முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். பத்தாவது வரை தமிழில் படித்தவளுக்கு ஆங்கில எழுத்துத் தெரியுமே தவிர, ஓடுகிற ஆங்கில வசனத்தைப் படித்துப் புரிந்துகொள்ள வராது. என்னத்தைப் பார்க்கிறாள், பாவம், வெறும் படம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று மணிமொழி நினைத்தாள்.

ஐப்பசியில் ஒருநாள் மேல்வீட்டுக்காரர்களின் வளைகாப்புக்காக மந்தாரக்குப்பம் வரை போய்விட்டு மாலையில் திரும்பினாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பாதியில் விட்ட ஒரு கொரியத் தொடரைத் தொடரலாம் என்று ரிமோட்டை எடுத்தவளுக்குத் திக்கென்றது. கொரியா இல்லை. இந்தியா இல்லை. வருடங்கள் இல்லை. திரையில் வரிசையாக நின்றவை இவைதான்: VAI. MUGAM. THADI. IRUTTU. அவற்றுக்குள் எல்லாத் தொடர்களும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. துருக்கித் தொடருக்குப் பக்கத்தில் தமிழ்த் தொடர். போன மாதத்தியதற்கு மேலே மூன்று வருடத்துக்கு முந்தியது.

அன்றிரவு அவளுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. அழிந்தது ஒன்றுமில்லை என்று எண்ணிப் பார்த்துவிட்டாள். ஆனாலும் தன் பீரோவைத் திறந்து யாரோ துணியையெல்லாம் உதறிப்போட்டது போல இருந்தது.

காலையில் வளவன் நைட் ஷிப்ட் முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அண்ணி ஹாலில் தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மணிமொழி சமையலறை வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, கணவனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"உங்க அக்காகிட்ட சொல்லி வைங்க. பொழுது போகலைன்னா வெண்டைக்காய நறுக்கட்டும், துணிய மடிக்கட்டும். என் டிஸ்க்ல கை வைக்க வேணாம். எவ்வளவு நாள் உக்காந்து அடுக்கினது! ஒண்ணும் தெரியாத குழந்தை கலைச்சுப் போட்ட மாதிரி போட்டு வச்சிருக்காங்க. காது கேக்காதவங்களுக்கு அதுல என்னதான் புரியும்?"

வளவன் டம்ளரைப் பார்த்தபடி, "சரி, வுடு. சொல்றேன்" என்றான்.

ஹாலிலிருந்து விஜயகுமாரியின் குரல் வந்தது. கேட்காதவர்களுக்கே உரிய, கொஞ்சம் உரத்த, ஏற்ற இறக்கமில்லாத குரல்.

"வெண்டக்கா நறுக்கி முடிச்சிட்டேன், மணி. துணியும் அப்பவே மடிச்சி வச்சிட்டேன். அடுத்து என்னா செய்யணும்?"

வளவன் டம்ளரைக் கீழே வைத்தான். மணிமொழி ஹாலுக்குள் வந்தாள்.

"அண்ணி... உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேக்கல. தெரிஞ்சிது." அண்ணி அரிவாள்மணையை மடக்கினாள். "நீ வாசப்படியில வெளிச்சத்துல நின்னுக்கினு என்னப் பாத்த மாதிரியே பேசினா எனக்குத் தெரியாம எப்பிடி இருக்கும்? பொடவைக் கடையில பொம்பளைங்க நூறு பேரு ஒரே நேரத்துல பேசுவாங்க. மேல ஃபேனு சத்தம் வேற. அப்பவே காது பாதிதான். வாயப் பாத்துதான் எந்தக் கலரு, எந்தக் கரைன்னு எடுத்துப் போட்டுக்கினு இருந்தேன்."

"எங்கிட்ட கூட நீ சொல்லவே இல்லியேக்கா" என்றான் வளவன். சொன்னபின் அவளை நேராகப் பார்த்து இன்னொருமுறை சொன்னான்.

"நீங்க எங்க என் மொகத்தப் பாத்து பேசினீங்க? ஆளாளுக்கு காதுகிட்ட வந்து கத்துறீங்க. காதுகிட்ட வாய வச்சா, வாய் எனக்கு எப்பிடித் தெரியும்?"

அண்ணி வெண்டைக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டுபோய் மேடையில் வைத்துவிட்டு, அறைக்குள் போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. அதுதான் மணிமொழிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வளவன் தூங்கியபிறகு அவள் அறை வாசலில் போய் நின்றாள். அண்ணி நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தாள்.

"நான் பேசினது தப்பு, அண்ணி" என்றாள். சத்தமே வராமல், வாயை மட்டும் அசைத்துச் சொன்னாள்.

"நான் கேக்காம தொட்டதும் தப்புதான்" என்றாள் அண்ணி. பிறகு, "இப்பிடி அழுத்தி அழுத்திச் சொல்லாத. ஊமை மாதிரி கோணுது. சும்மா பேசு, போதும்."

மணிமொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் அதோடு சேர்ந்தே வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "நீங்க வச்ச அந்த நாலு பேருக்கும் என்ன அர்த்தம்? சொல்லுங்க" என்று கேட்டாள்.

இருவரும் ஹாலுக்கு வந்து டி.வி.யைப் போட்டார்கள். அண்ணி ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். நாடு, வருடம் என்று தேடித் தேடி அலுத்துப்போய், மணிமொழி வளைகாப்புக்குப் போன பகலில் டிஸ்க்கைக் கணினியில் மாட்டி மாற்றினாளாம். கொரியாவாக இருந்தால் என்ன, துருக்கியாக இருந்தால் என்ன? வாய் என்ற அறையில் இருந்தவை தமிழ்த் தொடர்கள். நடிக்கிறவர்கள் நேராகத் திரும்பிப் பேசுகிறவை. அவற்றை அவள் அநேகமாக முழுதும் படித்துவிடுவாள். முகம் என்பவை வேற்றுமொழி. வாயசைவு உதவாது. ஆனால் கேமரா முகத்தின் அருகிலேயே நிற்கும். யார் பொய் சொல்கிறார், யார் யாரை விரும்புகிறார் என்று முகமே சொல்லிவிடும். தாடி என்பவையும் தமிழ்தான். ஆனால் கதாநாயகன், வில்லன், போலீஸ் என்று எல்லாருக்கும் உதட்டை மூடுகிற தாடி.

"அந்தக் காலத்துல ஆம்பளைங்க மழமழன்னு சவரம் பண்ணிக்கினு வந்து பேசுவானுங்க. இப்ப வர்ற புள்ளைங்கள்லாம் பொதருக்குள்ளேருந்து பேசுதுங்க. நான் என்னத்த பாக்குறது?"

"இருட்டு?"

"அது ஒனக்கே தெரியும். இப்ப வர்ற புதுக் கதையில பாதியில லைட்டே போட மாட்டேங்கிறாங்க. நம்ம ஊருல கரண்டு எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புறோம். அவங்க வூட்டுல ஒரு பல்பு எரியலியே!"

மணிமொழி தலையாட்டினாள். வாஸ்தவம்தான். அவளும் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தவள்தான். ஆனால் அவளுக்கு ஹெட்போன் இருந்தது.

வாய் அறையில் முதலாவதாக இருந்த தொடரைப் பற்றிப் பேச்சு வந்தது. பெரிய வீட்டுச் சொத்துத் தகராறு. மணிமொழி போன வருடமே பார்த்து முடித்தது.

"நல்ல கதைதான்" என்றாள் அண்ணி. "ஆனா அந்தக் குடும்பத்துக்கு நெஞ்சே கெடையாது. பச்சப் புள்ளையக் கொன்னுட்டாங்க. அந்தத் தாய்க்காரி மறுநாளே பொட்டு வச்சிக்கினு கல்யாணத்துக்குப் போறா."

"எந்தப் புள்ள?"

"அதான், ரெண்டாவது நாளு கதையில வேலைக்காரன் வந்து சொல்றானே, பாப்பாவ முடிச்சிட்டாங்கன்னு. நான் ஒரு வாரம் சோறு சரியா சாப்பிடல, தெரியுமா?"

மணிமொழி ஒரு கணம் விழித்தாள். பிறகு புரிந்தது. "அண்ணி! அவன் சொன்னது மாமாவ. மாமாவ முடிச்சிட்டாங்கன்னு சொன்னான்!"

விஜயகுமாரி அவள் உதட்டையே உற்றுப் பார்த்தாள். "திருப்பிச் சொல்லு. பாப்பா. மாமா." மணிமொழி இரண்டையும் சொன்னாள். உதடுகள் ஒரே மாதிரிதான் மூடித் திறந்தன.

"அப்ப புள்ள உசுரோட இருக்குதா? அதுக்கப்புறம் காட்டவே இல்லியே!"

"நடிச்ச குழந்தைக்குக் காய்ச்சலோ என்னமோ. காட்டல."

"அந்த மாமன்காரன் துபாய்க்குப் போயிட்டான்னு இல்ல நான் நெனச்சிக்கினு இருந்தேன்!"

மணிமொழி சிரித்த சிரிப்பில் சோபாவில் சரிந்துவிட்டாள். அண்ணியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தினாலும் அவள் சிரிப்பு அவளுக்குக் கேட்காததால் அது வீடு முழுக்கக் கேட்டது. வளவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டான்.

அன்றைக்கே அடுக்கை மாற்றிவிட்டார்கள். நாடும் வருடமும் மணிமொழிக்கு வேண்டும். வாயும் முகமும் அண்ணிக்கு வேண்டும். அறைகளை அண்ணியின் விருப்பப்படியே விட்டு, ஒவ்வொரு தொடரின் பெயருக்கும் முன்னால் நாட்டையும் வருடத்தையும் சேர்த்து மணிமொழி அடித்தாள். கணினி அதை வரிசையாக்கிக்கொண்டது. புதிதாக வரும் தொடரை எந்த அறையில் வைப்பது என்று முதல் பத்து நிமிடத்தை இருவரும் சேர்ந்து பார்த்து முடிவு செய்வார்கள். சில நாள் சண்டையும் வரும். ஒரு கதாநாயகனின் தாடி உதட்டுக்குக் கீழேதானே இருக்கிறது, வாயில் போடலாம் என்பாள் மணிமொழி. மூணாவது நாளு கதைக்குள்ள வளந்துடும் பாரு என்பாள் அண்ணி. வளர்ந்துவிடும்.

இருட்டுதான் பெருகிக்கொண்டே போனது. நல்ல கதை என்று ஊரே பேசுவதெல்லாம் அதில்தான் போய் விழுந்தது. ஒருநாள் மணிமொழி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்து, அந்த அறையிலிருந்து ஒரு தமிழ்த் தொடரை எடுத்து, பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தமிழில் அடிக்கத் தொடங்கினாள். நிறுத்துவாள், பின்னால் போவாள், மறுபடி கேட்பாள். அரை மணி நேரக் கதைக்கு மூன்று நாள் பிடித்தது. அடித்து முடித்து டி.வி.யில் போட்டால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. அதை அவள் மறந்தே போயிருந்தாள். எழுத்தைப் படத்தோடேயே ஒட்டிவிடுகிற மென்பொருளைத் தேடிப் பிடித்து, அந்தப் பழைய கணினியை ஒரு பகல் முழுக்க உறும விட்டபிறகுதான் ஒரு வழியாக வந்தது.

அண்ணி முதல்முறை முன்னுக்குச் சாய்ந்து பார்த்தாள். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். இரண்டாம் தடவைக்குப் பிறகு குறைகளைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"சோகமான இசைன்னு எழுதியிருக்க. எதுக்கு? அவ அழுவுறா, தெரியுது. மழை பெய்யுதுன்னு எழுதியிருக்க. அதுவும் தெரியுது. அவன் திடீர்னு கதவப் பாக்குறான், அது ஏன்னு எழுதல."

"கதவு தட்டுற சத்தம்."

"அத எழுது. காட்டாதத எழுது."

அப்படித்தான் எழுதினாள். எழுத எழுத ஒன்று தெரிந்தது. இதுவரை எத்தனையோ தொடர்களை விழுங்கி வைத்திருக்கிறாளே தவிர, ஒன்றையும் முழுசாகக் கேட்டதில்லை. பக்கத்து அறையில் ஒரு கிழவர் முனகுவது, கிளம்பும்போது மகன் வாய்க்குள்ளே சொல்கிற ஒரு வார்த்தை, எல்லாம் இப்போதுதான் காதில் விழுந்தன. அதுபோக, வீட்டில் எதிரில் வந்து நின்று பேசும் பழக்கமும் வந்துவிட்டது. வளவன் ஒருநாள், "நான் என்னாடி தப்பு பண்ணேன்? எதுக்கு இப்பிடி நேரா வந்து நின்னு கேக்குற?" என்று பயந்தான்.

"சாப்பாடு போடட்டுமான்னுதாங்க கேட்டேன்."

மார்கழிக் கடைசியில் விஜயகுமாரி ஒரு செய்தி சொன்னாள். காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தவள், கையைத் துடைத்தபடியே சொன்னாள்.

"குறிஞ்சிப்பாடியில கஸ்தூரியம்மாள் இருக்குறாங்கல்ல, லுங்கி யாவாரம் பண்றவங்க. கொடோன்ல கட்டு பிரிச்சி, எண்ணி, பில்லு போட ஆள் வேணுமாம். வாடிக்கக்காரங்ககிட்ட பேசுற வேலை இல்ல. தை பொறந்ததும் வரச் சொல்லியிருக்காங்க. மாடியில ஒரு ரூமும் குடுக்குறாங்க."

ஆடியில் அண்ணி வந்தபோது எப்போது போவாள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டவள்தான் மணிமொழி. இப்போது அண்ணியின் எதிரில் போய் நின்று, ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி திரும்பி, "இங்கயே இருங்க, அண்ணி. நான் மனசாரச் சொல்றேன்" என்றாள்.

"தெரியுது. ஒன் மொகமே சொல்லுது." அண்ணி அவள் கன்னத்தைத் தொட்டாள். விரலில் கோலமாவு ஒட்டியிருந்தது. "இங்க எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா நாள் பூரா சும்மா இருந்துட்டு கதை பாத்தா, கதையே வேலையாப் போவுது, மணி. வேலைக்குப் போயிட்டு வந்தாத்தான் எனக்கு சாயங்காலம் சாயங்காலமா இருக்கும்."

வளவன் கொஞ்சம் வாதாடிப் பார்த்தான். தம்பி வீடு இருக்கும்போது தனி ரூம் எதற்கு, ஊர் என்ன சொல்லும் என்றான். அக்கா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒனக்கும் மீச கொஞ்சம் கூடிப்போச்சி. பாதி புரியல" என்று எழுந்து போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவனே டி.வி.எஸ். வண்டியில் பாயையும் பாத்திரத்தையும் கட்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தான்.

வீடு பழையபடி அமைதியாக இருந்தது. பழைய அமைதிதான். ஆனால் முதல் வாரம் மணிமொழிக்கு அதில் உட்கார முடியவில்லை. பகலில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருட்டு அறையிலிருந்து அடுத்த கதையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி பஸ்ஸில் அண்ணி வந்தாள். தோளில் ஒரு பை. கையில் கஸ்தூரியம்மாள் கொடுத்த புதுத் துண்டு ஒன்று, வளவனுக்கு. ஒரு வாரத்தில் கொஞ்சம் இளைத்திருந்தாள், ஆனால் நடையில் வேகம் இருந்தது. காபி குடிக்கும்வரை கட்டுத் தூக்கும் பையனைப் பற்றியும், கொடோனில் ஓடுகிற எலிகளைப் பற்றியும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் இவ்வளவு பேசி மணிமொழி கேட்டதில்லை. வளவன் நைட் ஷிப்டுக்குக் கிளம்பினான். கேட் வரை போனவன் திரும்பி வந்து, அக்காவின் எதிரில் நின்று, "காலையில வர்றேன். இட்லிக்குக் கறிக்கொழம்பு வைக்கச் சொல்லியிருக்கேன். சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்றான். மீசையைக் கத்தரித்திருந்தான்.

"என்னா எழுதி வச்சிருக்க?" என்று கேட்டாள் அண்ணி, காலை மடக்கிச் சோபாவில் ஏறி உட்கார்ந்து.

"ஒரு கிராமத்துப் போலீஸ் கதை. ரெண்டு எபிசோடு முடிச்சிருக்கேன். ஒரு இடத்துல அந்தப் பொண்ணு என்ன சொல்றான்னு எனக்கே கேக்கல. பத்து தடவ போட்டுப் பாத்துட்டேன்."

"அவ மொகம் தெரியுதா?"

"கொஞ்ச நேரம் தெரியுது. ஜன்னல்கிட்ட வர்றப்ப."

"போடு, பாக்கலாம்."

மணிமொழி அந்த இடத்துக்குப் போய் நிறுத்தி, மறுபடி ஓடவிட்டாள். அண்ணி முன்னுக்குச் சாய்ந்தாள். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாம் தடவை அவள் உதடும் கூடவே அசைந்தது.

"போகாதன்னு சொல்றா" என்றாள். "இல்ல, இரு. போவாதங்கிறா. நம்ம ஊருப் பொண்ணு போல."

மணிமொழி எழுந்துபோய்க் கணினியில் அந்த ஒரு வார்த்தையை அடித்துச் சேமித்து, படத்தோடு ஒட்டுவதை நாளைக்கு வைத்துக்கொண்டு வந்து, பேசினால் வாய் தெரியட்டும் என்று விளக்கை அணைக்காமல், கதையை முதலிலிருந்து போட்டாள்.